புள்ளி விவரமும் புகையும்

ஆங்கிலத்தில் 'புள்ளி விவரங்களைக் கொண்டு பொய் சொல்வது எப்படி' என்னும் பெயருடைய சிறு நூல் ஒன்று உண்டு. டாரல் ஹப் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுத, இர்விங் கைஸ் என்பவர் வேடிக்கைச் சித்திரங்கள் தீட்ட, 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆங்கிலப் பதிப்பு மட்டும் பதினைந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விலை போயிற்றென்பர். புள்ளியியலைப் பற்றிய நூல்களில் இத்துணைப் பேர் படித்தது வேறொன்று உண்டோ என்பது ஐயமே. இந்நூலைக் கண்ணால் காணாதவரும் இதன் தலைப்பை மட்டும் கேட்டு, "கணக்கென்றாலே புளுகுதானே!" என்று ஒரே வார்த்தையில் முடிவு கட்டிவிடுகின்றனர். தோட்டத்துக் காப்பிக் கடையிலும் பட்டணத்துச் சங்க மண்டபத்திலும் இந்தத் தீர்ப்பு ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே இந்நூலின் தகுதி யாது, தகுதியின்மை யாது என்று நம் வாசகர் முன் ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது.

நம்மவர்க்கு இவ்விஷயம் தூரத்து விஷயமன்று. எண்ணப்படுவது நம் குலத்தொழில் என்று கூடச் சொல்லலாம். பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவரின் மக்கள் நாம். மலாயாவில் 1920களிலும் 1930களிலும் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயக் கூலி வகுத்தபோது, அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று குடும்பச் செலவுப் பட்டியல் ஒன்று போட்டே அதனைக் கணக்கிட்டார்கள். பட்டியலில் எந்தச் சாமான் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதை யார் தீர்மானித்தாரோ அவரே கூலியைத் தீர்மானித்தவர். செக்ரோல் புத்தகத்தில் புள்ளியிடும் தொழிலில் உள்ள எமக்கு இது ஒருநாளும் மறப்பதில்லை. ஒரு புள்ளி குறைந்தால் ஒரு குடும்பத்தின் சோறு குறையும்.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். ஹப் கணிதப் புலவரல்லர். அதுவே அவருக்கு நலமாயிற்று. சூத்திரம் ஒன்றுமின்றி, கடைத்தெருவில் நின்று பேசுவாரைப் போல அவர் எழுதுகிறார். அவர் எடுத்துக்கொள்ளும் முதல் உதாரணங்களுள் ஒன்று யேல் சர்வகலாசாலையைப் பற்றியது. அங்கு 1924இல் தேறியவர்களின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 25,111 டாலர் என்று ஒரு பத்திரிகை பெருமையுடன் எழுதியிருந்தது. அந்தக் கடைசிப் பதினொரு டாலர் வரை எவர் அறிவார் என்று ஹப் நகைக்கிறார். பிறகு, முகவரி தெரியாமற்போன பழைய மாணவர் எத்தனை பேர், வினாத்தாளைக் குப்பையில் எறிந்தவர் எத்தனை பேர், உள்ளதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கேட்டு முடித்தபோது அந்த எண்ணில் சாரம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சராசரி பற்றிய அதிகாரமும் அத்தகையதே. நம் நாட்டு முறையில் அதனைச் சொல்லிப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 45 தொழிலாளர் மாதம் 1,700 வெள்ளியும், நான்கு உத்தியோகஸ்தர் 4,000 வெள்ளியும், மானேஜர் 20,000 வெள்ளியும் பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தை 50 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 2,250 வெள்ளி வரும். "எங்கள் தோட்டத்தில் சராசரி வருமானம் 2,250 வெள்ளி" என்று அச்சிட்டால் அதில் பொய் ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் அந்த 2,250 வெள்ளியைக் கையில் வாங்குகிறவர் அத்தோட்டத்தில் ஒருவரும் இல்லை. ஐம்பது பேரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனைக் கேட்டால் அவன் 1,700 என்பான். இவ்விரண்டு சராசரிகளில் எதனைச் சொல்லுகிறாய் என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததற்காகவே ஹப்புக்கு நாம் வணக்கம் செலுத்தலாம்.

இக்கேள்விகள் இன்றும் எத்துணைப் பயனுடையவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் வறிய குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 என்று அரசாங்கக் கணக்குச் சொல்லிற்று; அதாவது ஆயிரம் குடும்பத்திற்கு நான்கு. ஒரு குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி என்று வறுமைக் கோடு வைத்து எண்ணிய எண் அது. ஐக்கிய நாட்டு மன்றத்தின் சார்பில் 2019இல் வந்து பார்த்த பிலிப் ஆல்ஸ்டன், அந்தக் கோடு நகைப்புக்கிடமான தாழ்வில் இருக்கிறதென்று கண்டித்தார். 2020 ஜூலையில் உணவும் பிற தேவைகளும் புதிய முறையில் கணக்கிடப்பட்டு, கோடு 2,208 வெள்ளிக்கு உயர்ந்தது. அவ்வளவே! அதே 2016ஆம் ஆண்டுக்கு, அதே குடும்பங்களுக்கு, வறுமை நூற்றுக்கு 7.6 என்று ஆயிற்று. ஒரு சட்டியில் ஒரு பிடி அரிசி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயிரத்துக்கு நான்கு குடும்பம் என்றிருந்தது எழுபத்தாறு குடும்பமாயிற்று. பழைய எண்ணைக் கேட்டு, "நாட்டில் வறுமை ஒழிந்தது" என்று மகிழ்ந்தவர், "கோடு எங்கே போட்டீர்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

இவ்வளவும் ஹப்பின் பெருமை. இனி, குறைகளுக்கு வருவோம்.

முதற் குறை, அவர் மிகுந்த உற்சாகத்தோடு சொல்லும் 'லிட்டரரி டைஜஸ்ட்' கதையில் இருக்கிறது. அமெரிக்காவில் பேர்பெற்ற வாரப் பத்திரிகையாயிருந்த அது, 1936ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபத்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைத் திரும்பப் பெற்று, லாண்டன் என்பவரே வெல்வார் என்று முழங்கிற்று. தேர்தலில் ரூஸ்வெல்ட் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறைக் கைப்பற்றினார். பத்திரிகை 1938இல் நின்றுபோயிற்று. அதே தேர்தலில் காலப் என்பவர் ஐம்பதினாயிரம் பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொன்னார். ஹப் இதற்குச் சொல்லும் காரணம், பத்திரிகை சீட்டு அனுப்பியவர்கள் டெலிபோனும் பத்திரிகைச் சந்தாவும் வைத்திருந்த வசதிக்காரர் என்பது. கேட்பதற்கு இனிய காரணம். ஆனால் பாதிக் காரணமே. 1937இல் காலப் எடுத்த ஒரு கணக்கை 1988இல் மீண்டும் ஆராய்ந்த ஸ்குவயர் என்னும் பேராசிரியர், காரும் டெலிபோனும் உடையவரிடையிலும் ரூஸ்வெல்டுக்கே ஆதரவு மிகுந்திருந்ததென்று காட்டினார். சீட்டைப் பெற்றும் திருப்பி அனுப்பாதவர்கள் பெரும்பாலும் ரூஸ்வெல்டின் பக்கத்தவர். கோபங்கொண்டவன் எழுதினான், திருப்தியுற்றவன் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். யேல் மாணவர் விஷயத்தில் மௌனிகளை எண்ணிப் பார்த்த ஹப், இங்கே அவர்களை மறந்துபோனார்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கணக்கெடுப்பு ஒன்றை அமைப்பதில் யாரிடம் கேட்பது என்பது எவ்வளவு பெரிய வேலையோ, அவ்வளவு பெரிய வேலை கேட்கப்பட்டவனை விடையளிக்கச் செய்வது. காலை பத்து மணிக்கு லயத்துக்கு வந்து கதவைத் தட்டும் கணக்காளனுக்கு யார் அகப்படுவார்? பால் மரம் வெட்டுகிறவர்கள் காட்டில் இருப்பார்கள். கிழவரும் குழந்தையும் நோயாளியும் வீட்டில் இருப்பார்கள். அவர்களைக் கொண்டு தோட்டத்தின் உழைப்பையும் உடல்நலத்தையும் அவன் எழுதிக்கொண்டு போனால், எழுதியதில் ஒவ்வொரு விடையும் மெய்யாகவே இருக்கும். கணக்கு மட்டும் பொய்யாகும். மாலையில் மறுபடி வருவதும், அன்றும் காணாவிட்டால் மற்றொரு நாள் வருவதும் ஒழிய வேறு மருந்தில்லை. பக்கத்து வீட்டானைக் கேட்டு எழுதிக்கொள்ளுவது மருந்தாகாது.

கேட்பவர் யார் என்பதும் அத்தகையதே. வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று வினாத்தாள் ஒன்றை மானேஜரின் ஆபீஸ் மூலம் விநியோகித்து, கிராணியின் கையாலேயே திரும்ப வாங்கிப் பாருங்கள். எல்லாம் சுகம் என்றே விடை வரும். கூரைக்கு வேறு, வேலைக்கு வேறு என்று மனிதன் தன் பயத்தைப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை. வினாவின் சொல்லிலும் சூழ்ச்சி புகும். "மானேஜ்மெண்டு செய்திருக்கும் நல்ல வசதிகளில் உமக்குத் திருப்தி உண்டா?" என்று கேட்பவன் விடையையும் தானே எழுதிக்கொண்டு வந்தவனாவான். இவ்வளவும் ஹப் ஓரளவு தொட்டவையே. ஆனால் தொட்டவிடமெல்லாம், 'ஏமாறாதே' என்று எச்சரித்துவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுகிறார். ஏமாற்றாத கணக்கை எப்படி எடுப்பது என்பதை அவர் நூலில் தேடினால் அகப்படுவது சொற்பம். இதனையே இரண்டாம் குறையாக, அதுவும் தலையாய குறையாக நாம் கூறுகிறோம். இக்குறை என்ன விளைவைத் தந்ததென்பதை அறிய, அக்காலத்திலேயே நடந்த வேறொரு கணக்கெடுப்பின் வரலாற்றை வாசகர் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் இங்கிலாந்தில் நுரையீரற் புற்றுநோயால் இறப்போர் தொகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. காரணம் ஒருவருக்கும் புலப்படவில்லை. இதனை ஆராய அமர்ந்தவர் இருவர். ஒருவர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில். இவர் மருத்துவராக விரும்பி, முதல் உலக யுத்தத்தில் க்ஷயரோகம் கண்டு அது கைகூடாமல், தபால் மூலம் பொருளாதாரம் பயின்று, பின்பு புள்ளியியல் வல்லுநரானவர். மற்றொருவர் ரிச்சர்டு டால் என்னும் இளம் மருத்துவர். தொடக்கத்தில் டாலின் சந்தேகம் சாலைக்கு இடும் தாரின்மேலும் மோட்டார் வண்டிப் புகையின்மேலும் இருந்ததேயன்றிச் சிகரெட்டின்மேல் அவ்வளவாக இல்லை. அந்நாளில் அந்நாட்டு ஆடவரில் ஐவருக்கு நால்வர் புகை பிடித்தனர். ஊரெல்லாம் செய்வதை யார் சந்தேகிப்பர்?

இலண்டனில் 20 மருத்துவமனைகளில் அவர்கள் விசாரணை தொடங்கினர். நுரையீரற் புற்றுநோயாளி ஒருவரைக் கேட்குந்தோறும், அதே மருத்துவமனையில், அதே பாலினத்தில், ஏறத்தாழ அதே வயதில், வேறு நோயால் படுத்திருக்கும் ஒருவரையும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இந்தச் சோடி சேர்ப்பதில்தான் அக்கணக்கின் உயிர் இருக்கிறது. கிழவரை இளைஞரோடும், நகரத்தாரைக் கிராமத்தாரோடும் ஒப்பிட்டால் வித்தியாசம் புகையினால் வந்ததா, வயதினால் வந்ததா, ஊரினால் வந்ததா என்று எவர் பிரித்துச் சொல்ல இயலும்? 1950 செப்டம்பரில் முடிவை வெளியிட்டனர். புற்றுநோய் கண்ட ஆடவர் 649 பேரில் புகை பிடியாதவர் 2 பேர். சோடிக்கு எடுத்த 649 பேரில் புகை பிடியாதவர் 27 பேர்.

இரண்டுக்கும் இருபத்தேழுக்கும் உள்ள வேற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடுமா என்று கணிதத்தால் சோதித்தார்கள், கூடாதென்று கண்டார்கள். பெரும்பாலோர் அங்கே நிறுத்திவிடுவர். டாலும் ஹில்லும் நிறுத்தவில்லை. தாங்களே தங்களுக்கு எதிர்க்கட்சி வக்கீலாயினர். கேள்வி கேட்ட பணிப்பெண்ணுக்கு இவர் புற்றுநோயாளி என்று தெரியுமாதலால், தூண்டித் தூண்டிக் கேட்டு மிகுதியாக எழுதியிருக்கலாமன்றோ? இதற்கு அவர்கள் கண்ட சோதனை மிக அழகியது. விசாரித்த வேளையில் நுரையீரற் புற்றுநோய் என்று கருதப்பட்டுப் பின்னால் அந்நோய் இல்லையென்று உறுதிப்பட்டவர் பலர் இருந்தனர். கேட்டவளுக்கும் நோயாளிக்கும் அவ்வேளையில் உண்மை தெரியாது. பணிப்பெண்ணின் தூண்டுதலால் வந்த வேற்றுமையென்றால் இவர்களது கணக்கும் புற்றுநோயாளரின் கணக்கைப் போலவே இருக்க வேண்டும். இருந்ததோ, நோயில்லாதவர் கணக்கைப் போல! மனிதர் தம் பழக்கத்தைப் பற்றி நினைவுபிசகாமல் சொல்லுகின்றனரா என்பதை அறிய, ஐம்பது பேரை ஆறு மாதங் கழித்து மறுபடியும் கேட்டு ஒத்துப் பார்த்ததும் உண்டு. சந்தேகம் என்பதற்கு நாம் கொடுக்கும் பொருள் இது. சந்தேகப்படுகிறவன் சோதனையைக் கொண்டுவர வேண்டும்.

அதோடும் அமையாமல், 1951 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவர் எல்லாருக்கும், ஏறக்குறைய 59,600 பேருக்கு, வினாத்தாள் அனுப்பினர். மிகச் சிறிய வினாத்தாள். பரபரப்பான மருத்துவரும் இரண்டு நிமிஷத்தில் எழுதி அனுப்பத்தக்கது. நீட்டிக் கேட்டால் விடை குறையும் என்பது ஹில்லுக்குத் தெரியும். நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடை எழுதினர். மருத்துவரைத் தேர்ந்ததற்குக் காரணம், அவர்கள் பெயர்கள் பதிவேட்டில் இருப்பதால் எவர் இறந்தார், எதனால் இறந்தார் என்று பின்னர் அறிவது எளிது. முந்திய கணக்கு நோயிலிருந்து பின்னோக்கிப் பழக்கத்தைத் தேடிற்று. இந்தக் கணக்கு பழக்கத்தை முதலில் எழுதிவைத்துக்கொண்டு முன்னோக்கி மரணத்துக்குக் காத்திருந்தது. நினைவுப்பிசகு என்னும் ஆட்சேபம் அடிபட்டுப் போயிற்று. 29 மாதங்களில் 35 வயதுக்கு மேற்பட்ட ஆடவரில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர் 36 பேர். அவர்களுள் புகை பிடியாதவர் ஒருவரும் இல்லை. பிடித்த அளவு கூடக் கூட மரண விகிதமும் படிப்படியாக ஏறிற்று. விடை எழுதாத மூன்றிலொரு பங்கு மருத்துவரில் நோயுற்றோர் மிகுந்திருக்கலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இந்த அறிக்கை வெளிவந்த ஆண்டு 1954. ஹப்பின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே.

இனி ஹப்பிடம் திரும்புவோம். ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைக் காரண காரியமென்று மயங்கலாகாது என்பதற்கு அவர் தம் நூலில் இரண்டு உதாரணங்கள் சொல்லுகிறார். ஒன்று, வீட்டுக் கூரைமேல் நாரைகள் மிகுந்திருந்தால் அவ்வீட்டில் குழந்தைகளும் மிகுந்திருக்கும் என்பது. குழந்தைகளைக் கொண்டுவருவது நாரை என்பது ஐரோப்பியப் பாட்டிக் கதை. பெரிய வீட்டில் குடும்பம் பெரிது, புகைபோக்கிகளும் அதிகம், நாரை கூடு கட்ட இடமும் அதிகம். மற்றொன்று, சிகரெட்டுப் பிடிக்கும் மாணவர் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் பெறுகின்றனர் என்பது. சிகரெட்டு மூளையை மந்தமாக்கிற்று என்று சொல்வானேன், மதிப்பெண் குறைந்ததனால் சிகரெட்டைப் பற்றவைத்தான் என்றும் சொல்லலாமே என்கிறார். நல்ல கேள்வி. ஆனால் அக்கேள்விக்கு விடை எப்படிக் காண்பதென்று அவர் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிறர் வந்து குடியேறினர்.

சிகரெட்டு உற்பத்தியாளருக்கு ஹப்பைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார். 1960களில் அவர்கள் தரப்பில் ஊதியம் பெற்றுக்கொண்டு அவர் 1965இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில் சாட்சி சொன்னார். நாரைக் கதையை அங்கும் எடுத்துரைத்தார். சிகரெட்டுக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தம் நாரைக்கும் குழந்தைக்கும் உள்ள சம்பந்தத்தைப் போன்றதுதானா என்று கேட்டபோது, இரண்டும் தமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன என்னும் பொருள்பட விடையளித்தார். புகை பற்றிய கணக்குகளைத் தாக்கி, பழைய நூலின் தலைப்பையே தழுவி, புதிய நூலொன்றும் எழுதத் தொடங்கினார். அது அச்சேறவில்லை. பிற்காலத்தில் வழக்குகளின் விளைவாக அக்கம்பெனிகளின் பழைய கடிதங்கள் பகிரங்கமானபோது இவையெல்லாம் வெளிச்சமாயின.

ஊதியம் வாங்கியதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்று சிலர் கூறலாம். ஒப்புக்கொள்வோம். ரொனால்டு பிஷர் என்னும் மேதையும் இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கமே நின்றார். அவரும் புகையிலைக் கம்பெனிகளின் ஆலோசகர். இன்று உலகெங்கும் கணக்கெடுப்பிலும் வயல் சோதனையிலும் ஆளும் முறைகளில் பல அவர் வகுத்தவை. ஆகவே அவர் வாதத்தைக் கம்பெனி வாதம் என்று தள்ளாமல், வாதமாகவே எடுத்துக்கொள்வோம். புகை பிடிக்கத் தூண்டும் பரம்பரைக் குணம் ஒன்றே புற்றுநோய்க்கும் இடமளிக்கலாமன்றோ என்றார் பிஷர். இதற்கு 1959இல் கார்ன்பீல்டும் அவர் கூட்டத்தாரும் தந்த விடை, கேட்கும்போதே உள்ளத்தைக் குளிர்விப்பது. புகை பிடிப்பவர்க்கு நோய் ஒன்பது மடங்கு என்றால், மறைந்திருந்து அதனை விளைவிப்பதாகச் சொல்லும் அந்தக் குணமும் பிடியாதவரைவிடப் பிடிப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்திருந்தாலன்றிக் கணக்கு ஒவ்வாது. அவ்வளவு பெரிய குணம் எங்கே? காட்டுங்கள் என்றனர். ஒருவரும் காட்டவில்லை. புகையை விட்டவனுக்கு ஆபத்துக் குறைந்து வருவதை எந்தப் பரம்பரைக் குணம் விளக்கும்? புகையை விடும்போது பரம்பரையையும் விட்டுவிடுகிறானா?

நாரையையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம். ஒரே அளவுள்ள வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் நாரைக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு மறைந்துபோம். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே மருத்துவமனை என்று எடுத்து ஒப்பிட்டும் சிகரெட்டின் உறவு மறையவில்லை. அளவு கூடக் கூட நோய் கூடிற்று. பழக்கம் முந்தியும் நோய் பிந்தியும் வந்தது. இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன என்றவர், இரண்டையும் பார்க்க மறுத்தவரே ஆவர். மருத்துவர் கணக்கு ஐம்பது ஆண்டு தொடர்ந்தது. 2004இல் டால் வெளியிட்ட முடிவின்படி, புகையை விடாதவர் பிடியாதவரினும் சராசரி பத்து ஆண்டு முந்தி இறந்தனர். 30 வயதில் விட்டவர் அந்தப் பத்தையும், 60 வயதில் விட்டவர் மூன்றையும் திரும்பப் பெற்றனர். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே டால் தம் புகைப் பழக்கத்தை விட்டுவிட்டார் என்பதையும் சொல்லிவைக்கலாம். தம் எண்ணைத் தாமே நம்பினார்.

இங்கிலாந்துச் சிகரெட்டு நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் லயங்களில் வெற்றிலைப் பெட்டி இல்லாத திண்ணை முன்னாளில் உண்டோ? புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சருவம் வாய்ப்புற்று விளைவிப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே வரையறுத்தது. புகையிலை இன்றிப் போடும் வெற்றிலையும் பாக்கும் அத்தகையனவே என்று 2004இல் வெளியிட்டது. மலேசிய இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, வாய்ப்புற்று மிகுந்திருப்பது மருத்துவர் அறிந்த விஷயம். இதனைச் சொன்னால் வரும் பதில் யாது? "எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டாள், கணக்கெல்லாம் புளுகு." ஹப்பைப் படித்த இளைஞனும் படியாத கிழவரும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றனர்! பாட்டி மெய்யாகவே தொண்ணூறு வயது இருந்திருப்பாள். நாற்பத்தைந்தில் இறந்த பாட்டிகளைப் பற்றிச் சொல்லப் பேரன் இல்லை. யேல் மாணவரில் காணாமற்போனவரைத் தேடிய ஹப், தம் வாசகனுக்கு இந்தப் பாட்டிகளைத் தேடவும் கற்பித்திருந்தால் அவர் நூலை நாம் குறைகூற மாட்டோம்.

எதையும் நம்பாதே என்று கற்றவன் அறிவாளியாகிவிட்டதாக நினைக்கிறான். அவனை ஏமாற்றுவது எளிது. தனக்கு வேண்டாத எண்ணை மட்டும் அவன் சந்தேகிப்பான். வேண்டிய எண்ணைச் சந்தேகிக்கும் தொல்லையை மேற்கொள்ளான். கணக்கெடுக்க வருபவன் முகத்தில் கதவைச் சாத்துகிறவனும் அவனே. வறுமைக் கோடு தாழ்வென்று கத்துகிற நாம், குடும்ப வருமானக் கணக்கு எடுக்க வந்தவனுக்கு அரைகுறையாக விடை சொல்லியனுப்பினால், அந்தக் கோட்டின் கீழ் நம்மை எப்படி எண்ணுவார்கள்? வருபவனைக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த இலாகா, எந்த வீடுகளை எந்த முறையில் பொறுக்கினீர், விடையை யார் பார்ப்பார், மானேஜருக்குத் தெரியுமா என்று கேட்கலாம். தக்க விடை கிடைத்தபின் உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை.

ஹப்பின் கடைசி அதிகாரத்தில், எண்ணைக் கண்டவுடன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் உள்ளன. சொல்பவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், விடுபட்டது எது, பேச்சு நடுவில் மாறிற்றா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்பன அவற்றின் சாரம். இவற்றை மனப்பாடம் செய்யலாம். ஆனால் ஐந்துமே எண்ணை வீழ்த்துவதற்கான ஆயுதங்கள். எண் எப்பொழுது நிற்கும் என்பதற்கு அந்நூலில் ஒரு கேள்வியும் இல்லை. ஹப் காங்கிரஸில் சாட்சி சொன்ன அதே 1965ஆம் ஆண்டில், இலண்டன் மருத்துவச் சங்கமொன்றில் ஹில் நிகழ்த்திய உரை அச்சில் கிடைக்கிறது. சேர்ந்து வருவன இரண்டு என்று கண்டபின், காரணம் இதுதான் என்று சொல்லத் துணிவது எப்பொழுது என்பதே அதன் பொருள். உறவு எவ்வளவு வலியது, வேறு இடத்திலும் வேறு மனிதரிடத்திலும் அதுவே காணப்பட்டதா, முந்தியது எது, அளவோடு ஏறுகிறதா என்று ஒன்பது வகையாக எடைபோட்டுச் செல்கிறார். சித்திரம் கிடையாது, நகைச்சுவையும் கொஞ்சமே. ஆறு பக்கத்துக்கு மேற்போகாது. ஆங்கிலம் அறிந்த நம் இளைஞர் ஹப்பின் நூலை வாங்குவதாயின் இவ்வுரையையும் தேடியெடுத்து அதனுள் செருகி வைத்துக்கொள்வாராக. அதனைத் தமிழில் பெயர்த்து நம் தோட்டத்து வாசகசாலைகளுக்கு அனுப்ப முன்வருவோர் இருப்பின், அச்சுச் செலவில் நம்மால் இயன்ற பங்கைத் தரச் சித்தமாயிருக்கிறோம்.